ஐந்து மைலுக்கு ஒருமுறை நின்ற கல்யாண லாரி

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் எல்லை எங்கே என்பது மட்டும் முடிவாகவில்லை. திருத்தணி யாருக்கு, சித்தூர் யாருக்கு என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நான் அப்போது சித்தூரில் ஒரு பழைய டீசல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. மதராஸ் பக்கம் இரண்டு கை மாறி எங்கள் முதலாளியிடம் வந்த வண்டி அது. அது தும்மினால்கூடக் காரணம் சொல்லிவிடுவேன் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் பீற்றிக்கொள்வேன்.

ஒரு வைகாசி மாதம், அந்த வண்டியில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பினேன். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பட்டு வேட்டி கட்டி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும். நாங்கள் கிளம்பியபோது பொழுதுகூட விடியவில்லை. நேரத்துக்கு என்ன பஞ்சம்? காணிப்பாக்கம் போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டே போகலாம் என்றார்கள்.

அங்கே வண்டிக்கும் பூஜை போட்டோம். கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் முறைப்படி ஆனது. கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று நானே எடுத்து ஸ்டியரிங், ஹெட்லைட், கண்ணாடி, டேங்க் மூடி என்று ஒன்று விடாமல் தாராளமாக அப்பினேன். அதன் மேல் குங்குமமும் வைத்தேன். வண்டியே கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது.

அங்கிருந்து ஐந்து மைல் போயிருப்போம். என்ஜின் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது.

"டீசல் இருக்குதா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. இறங்கி டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன். முக்கால் டேங்குக்கு மேல் இருந்தது. சரி, பில்டரில் அழுக்கு என்று முடிவு செய்து கழற்றிக் கழுவி மாட்டினேன். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற பம்பைக் கையால் அடித்தேன். ஸ்டார்ட் செய்ததும் வண்டி கும்மென்று கிளம்பியது. "பில்டர்தான்!" என்று அறிவித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஐந்து மைலில் மறுபடியும் நின்றது.

மறுபடியும் குச்சியை விட்டு அளந்தேன். இந்தத் தடவை டீசலில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும் என்று டேங்கின் அடித் திருகைக் கழற்றிக் கொஞ்சம் வடித்தேன். தண்ணீர் ஒரு சொட்டுகூட வரவில்லை. ஆனால் வண்டி கிளம்பிவிட்டது. "தண்ணிதான்!" என்று சொல்லிவிட்டேன். கை தட்டல் பாதியாகக் குறைந்திருந்தது.

மூன்றாவது தடவையும் மூடியைத் திறந்து அளந்துவிட்டு, குழாயில் விரிசல் என்று சோப்பைத் தடவித் துணியைச் சுற்றினேன். மாப்பிள்ளை உதவி செய்கிறேன் என்று குனிந்தார். நான் திருகைத் தளர்த்தினேன். பீய்ச்சிய டீசல் அவர் பட்டு வேட்டியில் ஆந்திர ராஜ்யம் அளவுக்கு ஒரு படம் போட்டது.

தேங்காய் மூட்டை கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் அதே சாலையில் வந்துகொண்டிருந்தார். நாங்கள் நிற்கும்போதெல்லாம் எங்களைத் தாண்டிப் போவார். கிளம்பியதும் நாங்கள் அவரைத் தாண்டுவோம். மூன்றாவது முறை அவர் சைக்கிளை நிறுத்தியே கேட்டார்: "லாரீகி எத்துலு காவாலா?" லாரிக்கு மாடு வேணுமாம்! எங்கள் கூட்டத்தில் தெலுங்கு தெரியாதவர் ஒருவரும் இல்லாததால், அந்த அவமானம் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து கிளம்பி ஐந்து மைலில் நான்காவது தடவையும் வண்டி நின்றது.

"மதராஸ் நம்பர் வண்டிப்பா. ஆந்திரா டீசல் ஊத்துனா செரிக்குமா? எல்லை முடிவாவுற வரைக்கும் இது இப்படித்தான் நிக்கும்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"வண்டி மேல ஒண்ணும் தப்பு இல்ல. வண்டியில யாரு ஏறிக்கினு வர்றாங்கன்னு பாருங்க" என்றார்.

அவர் யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா. புருஷன் தவறி ஆறேழு வருஷம் ஆகிறது. சந்தைப்பேட்டையில் மண்ணெண்ணெய்க் கடை வைத்து, அந்த வருமானத்தில் தம்பியைப் படிக்க வைத்து வாத்தியாராக்கியவர் அவர்தான். கிளம்பும்போது எதிரே வந்துவிடக் கூடாது என்று அவரை முதலிலேயே ஏற்றி, லாரியின் ஓரத்தில் டேங்குக்கு நேர் மேலே உட்கார வைத்திருந்தார்கள்.

"அவள இங்கயே எறக்கி விடுங்க. பின்னால பஸ்ல வரட்டும்" என்றார் பெரியம்மா. பிறகு என்னைப் பார்த்து, "நீயே சொல்லு டிரைவரே, உனக்குத் தெரியாத வண்டியா?" என்று கேட்டார்.

இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. மூன்று தடவை தோற்று, கையெல்லாம் எண்ணெயாக நின்றிருந்தவனுக்குப் பழியைச் சுமக்க ஓர் ஆள் கிடைத்தது பெரிய நிம்மதியாக இருந்தது. "சில சமயம் அப்படியும் ஆவும்மா" என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அக்கா தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். உடனே மாப்பிள்ளையும் முன் சீட்டிலிருந்து குதித்து, சாலையோரப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். "அக்கா வர்ற பஸ்ல நானும் வர்றேன். நீங்க லாரியில போயி கல்யாணத்த முடிச்சிடுங்க" என்றார்.

கூட்டம் அதிர்ந்துவிட்டது. ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கத் தைரியமில்லாமல், வேலை இருப்பவன் போல நான்காவது முறையாக டேங்க் மூடியைத் திறந்தேன்.

"ஏம்பா தம்பி, கொஞ்சம் நில்லு" என்றார் அந்த அக்கா. அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். "ஒவ்வொரு வாட்டியும் நீ அந்த மூடியத் தொறக்கச் சொல்ல உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. மேல உக்காந்துக்கினு கேட்டுக்கினுதான் வர்றேன். அதுக்கப்புறம் நீ என்னத்தக் கழட்டுனாலும் வண்டி ஓடுது. அந்த மூடிக்குக் காத்து போற வழி இல்லியா?"

"டீசல் டேங்குக்கு எதுக்கும்மா காத்து?" என்றேன், எரிச்சலோடு.

"மண்ணெண்ணெ டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டு ஊத்திப் பாரு. ரெண்டு மடக்கு ஊத்தும், அப்பால நின்னுடும். எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்ட போட்டாதான் ஒழுங்கா ஊத்தும். தெனம் நான் பண்ற வேலதான இது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடியின் நடுவில் ஊசி முனையளவு ஓர் ஓட்டை உண்டு. அது காற்றுக்கான ஓட்டை. டீசல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. இதைத்தான் நான் போன வருஷம் இன்னொரு டிரைவருக்குப் பெரிய மேதை போலப் பாடம் எடுத்திருந்தேன்!

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். காணிப்பாக்கத்தில் நான் அப்பிய சந்தனம் வெயிலில் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

"ஊசி இருக்குதா?" என்றேன். யாரும் எதிர்பாராத விதமாகப் பெரியம்மாதான் தன் கொண்டை ஊசியை உருவி நீட்டினார். அவிழ்ந்து விழுந்த கூந்தலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் குத்துப்பா, முகூர்த்தம் போவுது" என்றார்.

குத்தினேன். சந்தனம் பொடிந்து விழுந்தது. அதன் பிறகு அந்த லாரி திருப்பதி வரைக்கும் ஒரு தடவைகூட இருமவில்லை. சந்திரகிரிக்குப் பக்கத்தில் தேங்காய்க்காரரைக் கடைசியாகத் தாண்டினோம். மொத்தக் கல்யாணக் கூட்டமும் எழுந்து நின்று அவருக்குக் கையசைத்தது.

இந்தத் தடவை அக்கா முன் சீட்டில், தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏற்றியது நான்தான். "நான் தலையாட்டினது தப்பும்மா" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டு தம்பி, பன்னெண்டு மணி ஆவப்போவுது" என்றார். கோபமா, சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது தாலி ஏறியது. டீசல் வாடையில் மணப்பெண் விடாமல் தும்மிக்கொண்டிருந்தாள். அட்சதை போடும்போது பின்னால் ஒதுங்கி நின்ற அக்காவைத் தம்பி கையைப் பிடித்து இழுத்து மணைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். யாரும் தடுக்கவில்லை. பெரியம்மா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன், எத்தனையோ வண்டி வழியில் நின்றும் இருக்கிறது. என் தப்புக்கு இன்னொருவர் பழி சுமக்கத் தலையாட்டிய அந்த ஒரு நிமிஷம்தான், இத்தனை வயதாகியும், யாரையாவது குறை சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் என்னைத் தடுத்து நிறுத்துகிறது.