பறி கடித்த வாய்

ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் சேலையின் இடது தோள்பக்கம் நனைந்தது. தம்ளரில் ஓட்டை என்று நினைத்து வேறு தம்ளர் வாங்கினேன். அதுவும் ஒழுகியது. எதிரே உட்கார்ந்திருந்த கன்னியம்மாதான் சொன்னாள்.

"கிளாசு நல்லாத்தான் கீது, பாஸ்டரம்மா. உன் வாய்தான் ஒழுவுது."

பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் இருளர் குடியிருப்பில் என் கணவர் சாமுவேல் ஊழியம் செய்கிறார். ஒன்பது ஆண்டுகளாக அங்கேயே குடியிருக்கிறோம். அதற்கு முன் நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். கன்னியம்மா எங்கள் முதல் நாளிலிருந்து ஆராதனைக்கு வருகிறாள். ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. கேட்டால், "தெனிக்கும் தண்ணியிலதான கீறேன்" என்பாள்.

பக்கவாதம் என்று முடிவுகட்டிய சாமுவேல், பொன்னேரி போகும்வரை ஆட்டோவில் சத்தமாக ஜெபித்தார். மருத்துவர் என்னை நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது பாதி மட்டும் சுருங்கியது.

"பக்கவாதத்துல பெரும்பாலும் நெத்தி தப்பிச்சுடும்மா. இது பெல்ஸ் பால்சி."

பெல்ஸ் பால்சி (முகநரம்பு வீங்கி முகத்தின் ஒரு பாதி அசையாமல் போவது). ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்க வேண்டும். ஆகவே வீட்டில் உட்கார்ந்து யூகிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். என் இடது கண் மூடவில்லை. பகலில் சொட்டு மருந்து, இரவில் இமைமேல் டேப்.

"பெரும்பாலானவங்களுக்குத் திரும்பிடும்" என்றார் மருத்துவர்.

"எனக்கு?"

"மூணு மாசத்துக்குள்ள அசைவு தெரியணும்."

முன்வரிசையில் உட்கார்ந்து நான் பாதி முகத்தால் புன்னகைத்தது பிரசங்கத்தைக் கேலி செய்வதுபோல இருந்ததாம். சாமுவேல் என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்.

இரண்டு மாதம் ஓடியது. தினமும் கண்ணாடி முன் நின்றேன். இடது பக்கம் வேறு யாருடைய முகம்போலவோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணாடிய பாத்துனே குந்தினு இருந்தா மூஞ்சி வந்துடுமா?" என்றாள் கன்னியம்மா. "எறா தடவ வா. பறி கடிச்சா வாய் தானா இறுகும்."

இருளர் பெண்கள் இறாலை வலையில் பிடிப்பதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். கை ஒழியாததால், பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள்.

மருத்துவரிடம் கேட்டேன். "கடிக்கிறதுக்கு வேற நரம்பும்மா. அதனால முகம் சரியாகாது, கெட்டும் போகாது. கண்ணுல தண்ணி படாம கண்ணாடி போட்டுக்குங்க."

போனேன். பறியைக் கடிக்க முடிந்தது. உதட்டை மூட முடியவில்லை. எச்சில் வழிந்தது. "பறிக்குள்ள எறாவ வுட உன் எச்சிதான் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் கன்னியம்மா தன் பறியைக் கடித்தாள். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பேச முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்கள் இறால் தடவும்போது சாமுவேல் கரையில் நடந்தபடி வசனம் சொல்வது வழக்கம். ஒவ்வொரு வசனத்துக்கும் அவர்கள் "ம்ம்" என்பார்கள். மிஷன் அலுவலகத்துக்குப் போகும் மாத அறிக்கையில் அவர் எழுதுவார்: 'வேலையின் நடுவிலும் வசனத்தை மனமுவந்து ஏற்கிறார்கள்.' பிழை பார்த்து அனுப்புவது நான்.

மூன்றாம் நாள் அவர் கரைக்கு வந்தார்.

"ஸ்டெல்லா, சொட்டு மருந்து போட்டியா?"

"ம்ம்."

"அறிக்கையைப் பாத்துட்டியா?"

"ம்ம்."

இரண்டுமே பொய். பொய் சொல்லும் எண்ணம்கூட எனக்கு இல்லை. உள்ளங்கைக்கு அடியில் ஓர் இறால் நெளிந்துகொண்டிருந்தது. கரையில் யாரோ பேசினார்கள், அவ்வளவுதான். ஒன்பது ஆண்டு அறிக்கைகளும் நினைவுக்கு வந்தன.

மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருந்தபோது, பறியில் போடப்போன இறால் ஒன்று துள்ளியது. மூக்குக்கண்ணாடி சறுக்கியிருந்த நேரம். உப்புத் தண்ணீர் இடது கண்ணை நோக்கித் தெறித்தது. இமை இறங்கியது. முழுதாக இல்லை, பாதிதான். ஆனால் நான் சொல்லாமலே இறங்கியது.

கன்னியம்மா பார்த்துவிட்டாள். பறியைக் கடித்தபடியே "ம்ம்" என்றாள். அந்த "ம்ம்" எனக்குப் புரிந்தது. பிறகு பறியை வாயிலிருந்து எடுத்து, கரையில் நின்ற சாமுவேல் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, உன் பொண்டாட்டி கண்ணடிக்கிறா, பாரு."

சாமுவேல் கரையிலேயே முழங்காலிட்டு நன்றி ஜெபம் தொடங்கினார். தண்ணீரிலிருந்த பெண்கள் எல்லோரும் "ம்ம்" என்றார்கள்.

நரம்பு தன் நேரத்தில் வந்தது என்கிறார் மருத்துவர். கர்த்தர் என்கிறார் சாமுவேல். எறா என்கிறாள் கன்னியம்மா. பறிதான் குணமாக்கியது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை, அதனால் எழுதவில்லை.

அந்த மாத அறிக்கையில் பழைய வரியை அடித்துவிட்டு, 'வேலை நேரத்தில் அவர்கள் வாயில் பறி இருக்கும்' என்று எழுதினேன். சாமுவேல் அதை இரண்டு முறை படித்தார்.

"ம்ம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போதெல்லாம் அது வலது பக்கம்தான் முதலில் வருகிறது. இடது பக்கம் சற்றுப் பிந்தி வரும். அது வந்து சேரும்வரை காத்திருந்தேன்.