கோலே பச்சா

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மாற்றலாகி நாங்கள் கல்கத்தா வந்தபோது எனக்கு பெங்காலி ஒரு வார்த்தை தெரியாது. பஸ்தான் முதலில் கற்றுக்கொடுத்தது. ஆண்கள் இறங்கினால் அங்கே பஸ் நிற்காது, வேகத்தைக் குறைக்கும், குதித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நான் கைக்குழந்தையோடு படிக்கு வந்தால், கண்டக்டர் பஸ்ஸின் பக்கத் தகரத்தைத் தட்டி, "ஆஸ்தே லேடீஸ், கோலே பச்சா!" என்று கத்துவார். மெதுவா, பொம்பளை இறங்குறாங்க, இடுப்பிலே குழந்தை என்று அர்த்தம். அவ்வளவு பெரிய பஸ் அசையாமல் நிற்கும். எந்த மகாராணிக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, சொல்லுங்கள்!

இன்னொரு பழக்கமும் உண்டு. உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். குழந்தையையும்தான்.

அன்று துர்கா பூஜைக்கு முந்தைய கூட்டம். கரியாஹாட் கடைத்தெருவில் துணி வாங்கிக்கொண்டு ஏறினேன். ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மாள் "தாவ், தாவ்", கொடு கொடு என்று கை நீட்டி என் மகளை வாங்கிக்கொண்டார். எங்கள் ஸ்டாப் வந்தது. குழந்தையை வாங்கத் திரும்புகிறேன், பாழாய்ப்போன கூட்டம் என்னைப் பையோடு தள்ளிக்கொண்டுபோய் ரோட்டில் இறக்கிவிட்டது. பஸ் கிளம்பிவிட்டது. குழந்தை உள்ளே.

"ஐயோ, என் புள்ள! என் புள்ள!"

தமிழில் கத்தினால் அங்கே யாருக்குப் புரியும்? பின்னாலேயே ஓடினேன். எனக்குத் தெரிந்த ஒரே பெங்காலியைத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஆஸ்தே! கோலே பச்சா! கோலே பச்சா!"

படியில் நின்ற கண்டக்டர் திரும்பினார். என் வெறும் இடுப்பைப் பார்த்தார். தகரத்தைப் படபடவென்று அடித்தார். பஸ் நின்றது. உள்ளே ஒரே கூச்சல். தலைகளுக்கு மேலே கை மாறிக் கை மாறி வந்தாள் என் மகள், யாரோ கொடுத்த பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு. அழுகை இல்லை, ஒன்றும் இல்லை. நான்தான் நடுரோட்டில் ஓவென்று அழுதேன். "கேந்தோ நா, பௌதி" என்றார் கண்டக்டர். அழாதீங்க அண்ணி என்கிறார், நல்லா இருக்கணும் அந்த மனுஷன்.

அடுத்த வாரம் வீட்டுக்காரரும் நானும் குழந்தையோடு அதே பஸ்ஸில் போனோம். சீட்டிலிருந்து யாரோ ஒருத்தி கை நீட்டினாள்.

"குடுக்காதேடி! பட்டது போதாதா?" என்றார் அவர்.

"சும்மா இருங்க. நீங்க தொலைச்சாலும் தொலைப்பீங்க, இந்த பஸ்ஸு தொலைக்காது" என்று சொல்லிவிட்டு, குழந்தையைக் கொடுத்தேன்.