செபம் முடியுமுன்

எங்கள் மாமிக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தியதும் சாவகச்சேரியில் எங்கள் வீட்டுக்கு மதிப்புக் கூடிவிட்டது. மாமி என்றால் அப்பாவின் ஒரே தங்கை. வட்ஸ்அப்பில் பேசி முற்றாக்கிய சம்பந்தம். “பொடியன் குணம் எப்பிடி?” என்று அப்பா கேட்கும்போதெல்லாம், “ரெண்டு வீடு இருக்கு” என்று அம்மா பதில் சொல்லுவாள். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாக்கியிருந்தேன்.

மூன்று ஞாயிறு மாதா கோயில் பூசையில் வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையில் முதலாவது வாசித்தாகிவிட்டது. அந்தக் கிழமையே மாப்பிள்ளை கொழும்பிலிருந்து வாடகை வான் வண்டியில் வந்து இறங்கினார். எனக்கு ஒரு பெட்டி சொக்லேற். அந்த நிமிடமே அவர் என் கட்சி.

அம்மா நண்டுக் கறியும் சோறுமாகச் சாப்பாட்டுக் கோப்பையை நிறைத்து அவர்முன் வைத்தாள்.

“ட்ரைவர் சாப்பிட்டவரோ?” என்று மாமி கேட்டாள்.

“விடியத் தொடக்கம் ஒண்டுமில்லை. உவங்களுக்கு உது பழக்கம், விடுங்கோ” என்று சிரித்துவிட்டு, மாப்பிள்ளை கண்ணை மூடிச் செபத்தைத் தொடங்கினார்.

அருமையான செபம். உலகத்தில் பசித்திருப்போரை நாடு நாடாக நினைவுகூர்ந்தார். மாமி கண்ணை மூடவில்லை. நானும் மூடாததால் எனக்குத் தெரியும். யன்னலுக்கு வெளியே ட்ரைவர் வான் வண்டியின் நிழலில் குந்தியிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். செபம் ஆபிரிக்காவை எட்டியபோது மாமி மாப்பிள்ளையின் கோப்பையை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே போனாள். “ஆமென்” என்று அவர் கண்ணைத் திறந்தபோது மேசைத்துணிதான் இருந்தது.

அவர் போனபின் அம்மா தலையில் கைவைத்தாள். “ஒரு கோப்பைச் சோத்துக்காகவோ இந்தச் சம்பந்தத்தை விடுறாய்?”

“ஓம் மச்சாள். நாளைக்கு நான் பசிச்சிருந்தாலும் ‘உது பழக்கம்’ எண்டுதான் சொல்லுவார்” என்ற மாமி, அப்பாவைப் பார்த்தாள். “அண்ணை, எனக்கு உவர் வேண்டாம்.”

 ஞாயிறன்று முதல் மணி அடிக்குமுன்னரே அப்பா சைக்கிளில் கோயில் சுவாமியாரிடம் போனார்.

அன்று ஓலை வாசிக்கப்படவில்லை. அம்மா வாங்குப் பலகையில் குனிந்தே இருந்தாள். எனக்குச் சொக்லேற்றைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற கவலை. பாட்டுக்கு எப்போதும் வாயை மட்டும் அசைக்கிற அப்பாவோ, அன்று சுருதி தப்பத் தப்பக் கோயில் அதிரப் பாடினார். பக்கத்தில் மாமி முக்காட்டுக்குள் சிரித்தாள்.

கனடா மாப்பிள்ளை கைநழுவிய துக்கத்தில் அப்பாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நான் நம்பினேன்.