அம்மு சொல்லும்வரை ஏற்றாத விளக்கு

கல்லும் மண்ணும் கலந்த வெள்ளம் எங்கள் காரைப் புரட்டிக்கொண்டு போனதைக் கரைமேல் நின்று பார்த்தேன். காருக்குப் பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்த என் கணவரைக் காணவில்லை. இடுப்பில் ஐந்து வயது மகள் அம்மு. பத்மநாப சுவாமியை நம்பி வாழும் உங்களிடம் அந்த மாலையைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. கணவருக்கு நகரை அடுத்த கழக்கூட்டத்தில் வேலை. ஆபீஸில் அவரைச் சில மாதங்கள் மஸ்கட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளி விடுமுறைக்கு நானும் அம்முவும் போனோம். மலையைப் பிளந்தது போன்ற பாலைவனப் பள்ளத்தாக்குகளைக் காட்டுகிறேன் என்று வாடகைக் காரில் அழைத்துப் போனார். மழை பெய்தால் மட்டும் ஆறாக ஓடும் அந்தப் பள்ளங்களை அங்கே வாதி என்கிறார்கள். மற்ற நாட்களில் அவற்றின் தரையிலேயே வண்டிகள் போகும்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். தண்ணீர் போதுமா, குழந்தைக்கு ஜுரம் வருமா என்று வழியெல்லாம் கேட்டபடி வந்தேன். வாதியின் நடுவில் டயர் பஞ்சரானது. தூரத்து மலைமேல் வானம் கறுத்திருந்தது. எங்கள்மேல் லேசான தூறல்.

“ஏன்னா, காரை மெதுவா கரைக்கு ஏத்திடலாமே. மழை வரும் போல இருக்கே.”

“திருவனந்தபுரத்திலே பொறந்துட்டு இதுக்குப் பயமா? நம்மாத்து ஓட்டிலே இதைவிட ஜாஸ்தி ஒழுகுமே!”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜூன் மாதத்து இடவப்பாதிப் பருவமழையில் வளர்ந்தவர்கள் நாங்கள். மழை என்றால் நம் தலைமேல் பெய்வது, அவ்வளவுதான். எங்கோ பெய்த மழை, காய்ந்த தரைவழியே நம்மைத் தேடி வரும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குள் அம்மு சிணுங்கத் தொடங்கினாள். ஊர் வீட்டில் எங்களோடு இருக்கும் என் அப்பா, சாயங்காலம் அவள் நாமம் சொன்ன பிறகுதான் விளக்கேற்றுவார். மஸ்கட் போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. ஊரில் நேரம் முன்னால் ஓடுவதால், எங்களுக்கு வெயில் இருக்கும்போதே வீடியோ காலில் சொல்லிவிடுவாள். வாதிக்குள் டவர் இல்லை.

“தாத்தா விளக்கேத்தாம உக்காந்துண்டிருப்பா. வாம்மா, மேலே போலாம்.”

“இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்டி.”

“பற்றில்லா!” முடியாது என்று பள்ளிக்கூட மலையாளத்தில் கத்தினாள்.

“கூட்டிண்டு போயேன். இங்கே நின்னுண்டு எனக்கு மழை ஜோஸ்யம் சொல்ல வேண்டாம்” என்றார் அவர்.

அவளைத் தூக்கிக்கொண்டு பாறைவழியாக ஏறினேன். மேலே நின்று போனை உயர்த்திப் பிடித்தபோது ஒரு சத்தம். லாரி ஜல்லியைக் கொட்டிக்கொண்டே இருப்பது போல. வளைவில் திரும்பி அது வந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அடுத்த கணம் கீழே தரையே இல்லை.

அம்முவின் முகத்தைத் துப்பட்டாவுக்குள் புதைத்துக்கொண்டேன். ஸ்லோகம் படித்து வளர்ந்தவள் நான். ஒரு வரிகூட வாயில் வரவில்லை. “பத்மநாபா, அவரைக் கொடு. பத்மநாபா.” இவ்வளவுதான் வந்தது. கீழேயே இருந்திருந்தால் அவரைக் கையைப் பிடித்து இழுத்திருப்பேனோ? இருந்திருந்தால் குழந்தை என்ன ஆகியிருக்கும்? இரண்டு கேள்விகளும் மாறி மாறி அறுத்தன. துப்பட்டாவுக்குள்ளிருந்து அம்மு நாமம் சொல்ல ஆரம்பித்தாள். போன் கிடைத்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ.

வெளிச்சம் மங்கியது. எதிர்க்கரையில் ஒரு பிக்கப் வண்டி விளக்கைப் போட்டபடி வந்து நின்றது. அந்த வெளிச்சத்தில், பாறை இடுக்கிலிருந்து ஒருவர் எழுந்து சட்டையைக் கழற்றி வீசினார். அவர்தான்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கப் பெரிய கல் தேடி எதிர்ப்பக்கம் போயிருக்கிறார். என் கத்தல் கேட்டுப் பாறையில் தாவி ஏறியிருக்கிறார். தண்ணீர் வடிந்ததும் வண்டிக்காரர்கள் அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அம்மு கேட்டாள்: “அப்பா, இன்னொரு செருப்பு எங்கே?”

டவர் கிடைத்த இடத்தில் ஊருக்குக் கூப்பிட்டோம். பூஜை அறை இருட்டில் அப்பா தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“ஏண்டி இத்தனை நேரம்? குழந்தைக்கு ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்லைப்பா. அவ சொல்லட்டும்” என்றேன். போனை அம்மு கையில் கொடுத்தேன்.

இப்படி அழைத்தும் வேண்டியவர்களைத் திரும்பப் பெறாதவர்கள் உண்டு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குக் கிடைத்ததை மட்டும் சொல்கிறேன். என் பயமும் போய்விடவில்லை. ஓட்டில் மழை இரைந்தால் கை அம்முவைத் தேடுகிறது. அவரும் இப்போது மழையைக் கேலி செய்வதில்லை. முன்பு பயத்தை நானே சுமந்தேன். இப்போது பத்மநாபனிடம் கொண்டுபோய் வைக்கிறேன். உங்களுக்கும் வார்த்தை வராத ஒரு நேரம் வந்தால் வெட்கப்படாதீர்கள். பெயரை மட்டும் கூப்பிடுங்கள். அவன் கேட்கிறான்.

சாயங்காலம் அம்மு நாமம் சொல்லும்போது இப்போது நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்காருகிறோம். அப்பா விளக்கேற்றி முடிக்கும்வரை நான் என் கணவரின் கையை விடுவதில்லை.