எதிர்க்கோர்ட்டிலிருந்து வந்த குரல்

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், அடையாறில் நடந்தது இது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்காகப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் டென்னிஸ் அணிப் போட்டி அந்த முறை சென்னைக்கு வந்திருந்தது. இந்திய அணியில் நானும் இருந்தேன். இரட்டையர் ஆட்டத்தில் எனக்கு ஜோடி, என் கல்லூரித் தோழி. நாட்டின் பெயர் போட்ட டி-ஷர்ட் கைக்கு வந்த அன்றே, இருவரும் மயிலாப்பூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் போட்டோ எடுத்துக்கொண்டோம். அவ்வளவு பெருமை!

தோழி எப்போதும் மந்தைவெளியிலிருந்து தானே ஸ்கூட்டர் ஓட்டி வருகிறவள். அந்த சீசனில் மட்டும் அவள் கணவர் காரில் அழைத்து வந்து, ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆன மனுஷர், பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாடுகளைச் சுலபமாக ஜெயித்தோம். அடுத்தது இலங்கை. ஒற்றையர் ஆட்டங்களில் ஆளுக்கு ஒன்று. இரட்டையரில் ஜெயிப்பவர்களுக்கு அரையிறுதி. எங்கள் கோர்ட்டில் நடுவர் கிடையாது; சர்வீஸ் போடுகிறவரே ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

முதல் செட் எங்களுக்கு. இரண்டாவது செட்டில்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. சர்வீஸ் போட வந்த தோழி பந்தைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

"ஸ்கோர் என்னடி?"

சொன்னேன். அடுத்த பாயிண்டுக்கும் அதே கேள்வி. பக்கம் மாறும் இடைவேளையில் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தவள், பழைய பக்கத்துக்கே போய் எதிரணிக்காரர்கள் நடுவில் நின்றாள். வெளியே யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கண்ணில் ஒரு பயம். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவளிடம் நான் பார்க்காத பயம்.

"வெயில் ஒத்துக்கலையா? நிறுத்திடலாமா?"

"சும்மா இரு. ஆடலாம்."

விசித்திரம் என்னவென்றால், பந்து வந்தால் அவள் கை தவறவே இல்லை. வலைக்கருகே பந்தைத் தட்டி நிறுத்துவதில் கல்லூரியில் பார்த்த அதே அழகு. பந்து ஓய்ந்த பிறகுதான் தொலைந்துபோனாள்.

அந்த செட்டை இழந்தோம். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக, பத்து பாயிண்டுக்கு ஒரு டைபிரேக். அவள் முறை வந்தபோது மறுபடியும் திணறினாள். அப்போது எதிர்க்கோர்ட்டிலிருந்து ஒரு குரல்.

"மூண்டு - ரெண்டு, அக்கா. நீங்கள்தான் முன்னுக்கு."

இலங்கை அணியின் உயரமான பெண்; யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்கோரைச் சொல்லிவிட்டு, என் தோழி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ராக்கெட்டால் காட்டினார். கேலி செய்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. இல்லை. அடுத்த பாயிண்டுக்கும் அதே நிதானத்தோடு சொன்னார். அதற்கடுத்ததற்கும். அவருடைய ஜோடி முகம் சுளித்தும் அவர் நிறுத்தவில்லை.

நாங்கள் ஜெயித்தோம். கடைசிப் பாயிண்டில் தோழி பந்தை இருவர் தலைக்கும் மேலே தூக்கிப் போட்டாள். கோட்டுக்குச் சற்று உள்ளே விழுந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். எல்லோரும் கை குலுக்கினோம். பையைத் தோளில் மாட்டியபடி அவள் கேட்டாள்:

"நம்ம மேட்ச் எத்தனை மணிக்குடி?"

அந்த மேட்சைத்தான் இப்போது ஆடி முடித்திருந்தோம்.

யாழ்ப்பாணப் பெண் அதைக் கேட்டுவிட்டார். என்னைத் தனியே கூப்பிட்டார். "என்ர அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது அக்கா. வயசெண்டு விட்டிட்டம். நீங்கள் நாள் கடத்தாமல் கெதியா ஒரு டொக்டரிட்ட காட்டுங்கோ." போட்டியிலிருந்து வெளியேறியவர் அவர். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காருக்குப் பக்கத்தில் நின்ற அவள் கணவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா. கொஞ்ச நாள் முன்னாடி ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஆதம்பாக்கத்துல எங்க பழைய வீட்டுக்குப் போயிட்டா. அந்த வீட்டை நாங்க காலி பண்ணி எவ்ளோ வருஷம் ஆச்சு! இந்த ஒரு போட்டியாவது ஆடட்டும்னுதான் யார்கிட்டயும் சொல்லலை." கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

உள்ளேயிருந்து தோழி எட்டிப் பார்த்தாள். "ஏன் ரெண்டு பேரும் வெயில்ல நிக்கறீங்க? எனக்குப் பசிக்குது."

அரையிறுதியில் வேறொருவரோடு ஜோடி சேர்ந்து ஆடித் தோற்றேன். மறதி நோய் என்று டாக்டர்கள் உறுதி செய்தார்கள். மாத்திரைகள் கொஞ்ச காலம் பலன் தந்தன, அவ்வளவுதான்.

இப்போதும் மந்தைவெளிக்குப் போய் அவளோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். போன மாதம் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தவள், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "நீங்க ஏதாவது விளையாடுவீங்களா?"

"டென்னிஸ்."

"தனியாவா?"

"இல்லை, ஜோடியா."

"அவங்க நல்லா ஆடுவாங்களா?"

"என்னைவிட நல்லா ஆடுவா."

அவளுக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். சிரித்தாள். "அப்ப அவங்களை விட்டுடாதீங்க."

இத்தனை வருஷத்தில் கோர்ட்டில் அவள் சொன்ன எத்தனையோ யோசனைகளை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் என்னால் மீற முடியாது.