கணக்கு குரூப்பு எடுக்கலாமா? சலூன்ல கேட்டது

முடி வெட்டறவனுக்கு கை வலிச்சா தைலம் தேச்சிக்கலாம், காது வலிச்சா ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கழுத்துல துணியச் சுத்தி உக்கார வெச்சிட்டா போதும், ஊமைக்குக்கூட பேச்சு வந்துடும்.

நான் அஞ்சாங்கிளாஸு. அதுலயும் பாதி நாளு ஊரூரா சவரம் பண்ணப் போற எங்கப்பாவுக்கு தண்ணிச் சொம்பு தூக்கப் போயிட்டேன். ஆனா கள்ளக்குறிச்சியில பள்ளிக்கூடத்துக்கு எதிர்லயே கடை. அதனால பத்தாவது ரிசல்ட்டு வந்தா எனக்கும் சேத்து ஜுரம் வரும். பதினொண்ணுல எந்த குரூப்பு? கணக்கு இருக்கிற முதல் குரூப்பா, கணக்கு இல்லாத மூணாவது குரூப்பா? புள்ளய வெச்சிக்கினு அந்த ஜூன் மாசத்தத் தாண்டினவங்க எல்லாரும் எனக்குச் சொந்தந்தான். உங்களுக்காவத்தான் சொல்றேன்.

ஒரு வருஷம் எம்பொண்ணு செல்வியும் பத்தாவது பாஸு. கணக்குல நல்ல மார்க்கு. பாலம் கட்ற இஞ்சினியராவணுமாம். "முதல் குரூப்பு கெடைக்கலன்னா நான் பள்ளிக்கூடமே போவல"ன்னு ஒத்தக்கால்ல நின்னுக்கினு இருந்துச்சு.

அரசியல் பேசாதீர்

எல்லா சலூன்லயும் இருக்கிற போர்டு எங்கடையிலயும் இருந்துச்சு. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த நேரம் அது. ராஜவேலுன்னு ஒரு தம்பி, மறியல்னா மொத ஆளா நிப்பாரு. ஒரு நாளு அவரு பாதி ஷேவிங்ல உக்காந்திருக்காரு. பெஞ்சுல ரைஸ்மில் முதலாளி பேப்பரு படிச்சிக்கினே, "மரத்த வெட்டி ரோட்ல போட்டா வேல குடுத்துடுவானா?"ன்னாரு. இவரு சோப்பு நொரையோட எழுந்துட்டாரு. நான் தோள அமுக்கி, "தம்பி, கன்னம் உங்களுது, கத்தி என்னுது. ஆடினீங்கன்னா காது எனக்கு ஒதுக்கீடு ஆயிடும்"னேன். உக்காந்துட்டாரு.

முதலாளி போர்டப் பாத்துட்டு பேச்ச மாத்தறாராம். "ஏம்பா, உம்பொண்ணுக்கு எதுக்கு கணக்கு? மூணாவதுல போடு, டைப்பு கத்துக்குடு, கட்டிக் குடுத்துடு." எனக்கு வாயில வந்தத முழுங்கிட்டேன், மாசா மாசம் வர்ற ஆளாச்சே. ராஜவேலுதான் கண்ணாடியில அவரப் பாத்துக்கினே கேட்டாரு: "ஏங்க, அவரு பொண்ணு எதப் படிக்கணும்னு நீங்க சொல்றீங்களே, இது மட்டும் அரசியல் இல்லீங்களா?"

ஒண்ணு பெருசா, மூணு பெருசா

நைனார்பாளையத்துலருந்து ஒரு விவசாயி. சந்தைக்கு வந்தா எங்கிட்டதான் தலயக் குடுப்பாரு. அவரு பையன் அதுக்கு முந்தின வருஷமே பதினொண்ணுல சேந்துட்டான். "எந்த குரூப்பு?"ன்னேன். "மூணாவது"ன்னு பெருமையா சொன்னாரு. "ஏங்க, பையன் இஞ்சினியராவணும்னு சொன்னீங்களே, அதுக்கு கணக்கு வேணுமாமே, எம்பொண்ணு சொல்லுது"ன்னேன்.

ஆளு என் கையத் தடுத்துட்டு திரும்பிப் பாத்தாரு. அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. சேக்கறப்போ வாத்தியாரு கேட்டிருக்காரு, ஒண்ணா மூணான்னு. இவரு, ஒண்ணாங்கிளாஸ் முடிச்சாத்தானே மூணாங்கிளாஸு, அப்ப மூணுதான் ஒசத்தின்னு நெனச்சிட்டாரு. பையன் பக்கத்துல நின்னும் வாயத் தொறக்கல. அப்பா எதிர்ல பேசற வழக்கம் அந்த வூட்ல இல்ல. மாத்தவும் நாளு தாண்டிப் போச்சு. நான் எதுக்கெடுத்தாலும் கிண்டல் பண்றவன். அன்னிக்கு மிச்ச முடிய வெட்டி முடிச்சேன், அவ்ளோதான். துணிய அவுத்து ஒதறினேன், அவரு எழுந்திருக்கல. கண்ணாடியப் பாத்து, தனக்குத் தானே சொல்லிக்கிட்டாரு: "நல்லா படிக்கிற புள்ளன்னுதானய்யா மூணுல போட்டேன்."

மலையில இன்னா குரூப்பு?

கல்வராயன் மலையிலருந்து ஒருத்தரு வருவாரு. புளி, கடுக்கா கொண்டாந்து வித்துட்டு, பஸ்ஸுக்கு நேரமிருந்தா முடி வெட்டிக்குவாரு. நான் சும்மா இருப்பனா? "இன்னா மாமா, மலையில தேனு ஜாஸ்தியா, கரடி ஜாஸ்தியா?"ம்பேன். "கரடி கம்மி. இருந்ததெல்லாம் எறங்கி வந்து உங்கடையில முடி வெட்டிக்கிச்சு"ம்பாரு. சரிக்குச் சரி பேசற மனுஷன்.

அவரு பையனும் அந்த வருஷம் பத்தாவது. "எந்த குரூப்பு எடுக்கப் போறான்?"னேன், ஊரையே கேக்கற மாதிரி. மலைப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு எடம் காலி. ஒருத்தரப் போடுவாங்க, அவரு மாத்தல் வாங்கிக்கினு எறங்கிடுவாரு. கணக்கு வேணும்னா கீழ டவுனுக்கு வரணும், ஹாஸ்டல் கெடைக்கணும். அவரு சிரிச்சாரு. சிரிப்பு கன்னத்தோட நின்னுடுச்சு. "நாங்க எங்க சாமி குரூப்பு எடுக்கறது? எந்த வாத்தியாரு மலையேறி வராரோ, அவரு பாடந்தான் எங்க குரூப்பு."

புளியமரம்

செல்விக்கு முதல் குரூப்புல உடனே சீட்டு இல்ல. வெயிட்டிங்ல மொத பேரு. கிளார்க்கு சொல்லிட்டாரு: "சேர வேண்டியவங்க யாராவது கடைசி நாளு பன்னண்டு மணிக்குள்ள வரலன்னா உம்பொண்ணுக்கு. அந்த நேரம் நீங்க இங்க இல்லன்னா அடுத்தவங்களுக்கு." அந்த நாளு பாத்து மறியலு. தேதிய மாத்தலயான்னு கேட்டதுக்கு, மாத்தச் சொல்லி மேலருந்து வரலன்னுட்டாங்க.

எங்க வூடு சங்கராபுரம் ரோட்ல, உள்ள தள்ளி. சைக்கிள்ல பின்னாடி செல்விய உக்கார வெச்சி மிதிச்சேன். பாதி வழியில பெரிய புளியமரம், ரோட்டுக்குக் குறுக்க. ஆளுங்க கும்பலா உக்காந்திருக்காங்க. "எங்க போற, திரும்பு"ன்னான் ஒருத்தன். வாயக் கட்டத் தெரியாதவன் நான். "மரத்துக்கு கிராப்பு வெட்ட கூப்டாங்க, வந்தேன்"னேன். அடிக்க வந்துட்டான். நல்ல வேளையா ராஜவேலு கும்பல்லருந்து எழுந்து வந்தாரு. விஷயத்தச் சொன்னேன். சைக்கிளத் தலைக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் வெச்சாரு. செல்வி கெளையில கால் வெச்சி ஏறித் தாண்டுச்சு. அதப் பாத்து சொன்னாரு: "கணக்கே எடு பாப்பா. எங்களுக்கு எத்தினி பங்கு வரணும்னு நாளைக்கு நீயாவது சரியா போட்டுச் சொல்லு."

பன்னண்டு மணி

பள்ளிக்கூடத்துல கூட்டமே இல்ல. பஸ்ஸு ஒண்ணும் ஓடல. பக்கத்து ஊருக்காரங்க நடந்தும் சைக்கிள்லயும் வந்து சேந்துட்டாங்க. வெளிய மரத்தடியில நானும் செல்வியும். கிளார்க்கு பேரு பேரா டிக்கு போட்டு முடிச்சிட்டு, "கல்வராயன் மலையிலருந்து லட்சுமின்னு ஒரு பொண்ணு. அது ஒண்ணுதான் பாக்கி"ன்னாரு.

பியூனு கேட்டுக்குப் போயி, "லட்சுமீ"ன்னு கூப்ட்டாரு. ரோடு காலி. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கூப்ட்டாரு. மலையிலருந்து வர்ற பஸ்ஸு எந்த மரத்துக்கு அந்தாண்ட நிக்குதோ, இல்ல கெளம்பவே இல்லியோ. அந்தப் பொண்ணு மார்க்கு எம்பொண்ண விட ஜாஸ்தி, லிஸ்டுல மேல இருக்குது. செல்வி என் கையப் புடிச்சிருந்துச்சு. நகம் பதியிற அளவுக்குப் புடிச்சிருந்துச்சு. மணி அடிச்சிட்டாங்க. "வாம்மா, கையெழுத்துப் போடு"ன்னாரு கிளார்க்கு.

வெளிய வந்து, "இன்னா இஞ்சினியரம்மா, மொதப் பாலம் எங்க கட்டப் போற?"ன்னு நான் வழக்கம்போல இழுத்தேன். எம்பொண்ணு சிரிக்கல. கேட்டையே பாத்துக்கினு நின்னுட்டு சொல்லுச்சு: "அப்பா, பியூனு பேரக் கூப்டுக்கினே இருந்தாருல்ல, அப்ப அந்தப் பொண்ணு வந்துடக் கூடாதுன்னு நான் வேண்டிக்கினேன்பா."

ஒருத்தரு எழுந்தாத்தான் இன்னொருத்தரு உக்கார முடியும்ங்கறது எங்கடை நாற்காலிக்கு மட்டுந்தான்னு அதுவரைக்கும் நெனச்சிக்கினு இருந்தேங்க.