அமாவாசைக்குப் பாக்கெட் ஏற்றிப்போனேன்

1. மூட்டை இல்லாத வேன்

மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்துக்கு நடுவில் வேன் கதவைத் திறந்தேன். டீக்கடை ஏழுமலை உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா வேலு, மூட்டையக் காணோம்?"

"இன்னிக்குப் பாக்கெட்டுண்ணே. புது ஐட்டம்."

"பாக்கெட்ட வச்சி நான் இன்னா பண்றது? மாலையாக் கட்டி ஆத்தாளுக்குப் போடவா?"

அப்போது நான் செஞ்சியில் காதர் பாயின் டீத்தூள் கம்பெனியில் லைன் சேல்ஸ்மேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலைத் தோட்டத்திலிருந்து டஸ்ட் என்கிற பொடித்தூள் வரும். பாய் கலந்து மூட்டை கட்டுவார். நான் டீக்கடைகளுக்குப் போடுவேன். மூட்டையில் போகிற அந்த லூஸ் தூள்தான் கம்பெனிக்குச் சோறு. மேல்மலையனூர் கடைகள் போனால் அரைச் சோறு போச்சு.

அந்த வருஷம் பாய் வீடுகளுக்கென்று பாக்கெட் டீ ஆரம்பித்தார். லூஸை மட்டும் நம்பினால் ஆகாது என்று நினைத்தார். இரண்டையும் என்னிடமே கொடுத்தார்.

"ஒண்ணுக்காக இன்னொண்ண விட்றாத வேலு."

தலையாட்டினேன். அதில் எனக்கு நல்ல அனுபவம்.

பாக்கெட்டில் கலர் படம் இருந்தது. அதைக் கையில் பிடித்து நடந்தால் ஆபீசர் மாதிரி இருக்கும். மூட்டையைத் தோளில் போட்டால் நான் நானாகத்தான் இருப்பேன். அமாவாசைக்கு ஊரூராக ஜனம் வரும், ஒரே நாளில் பெயர் பரவும் என்று நானே முடிவு செய்து வேன் முழுக்கப் பாக்கெட் ஏற்றினேன். பாயைக் கேட்கவில்லை.

2. வெள்ளை டீ

மத்தியானத்துக்குள் ஏழுமலைக்குத் தூள் தீர்ந்தது. வேறு வழியில்லாமல் பாக்கெட்டைப் பிரித்து வடிகட்டிப் பையில் போட்டார். அது இலைத்தூள். வீட்டுப் பாத்திரத்தில் கொதிக்கவிட வேண்டியது. பையில் வெந்நீர் ஊற்றினால் சாயம் இறங்காது. விற்கிற எனக்கு அது தெரியவில்லை.

கையில் வேப்பிலையோடு ஒருவர் வாங்கிக் குடித்தார்.

"இன்னா மாஸ்டர், பால்ல கை கழுவிக் குடுத்தியா?"

ஏழுமலை என்னைக் காட்டினார். "ஆபீசர கேளு."

கொஞ்ச நேரத்தில் வெளியூர் வேன் ஒன்று டஸ்ட் மூட்டையோடு வந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் அங்கே போனார்கள். நான் கலர் படங்களுக்குக் காவல் நின்றேன்.

3. ஒரு கைப்பிடி

பாய் திட்டவில்லை. பாக்கெட் தூளைக் கொதிக்கவைத்து எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்.

"நல்லாத்தான இருக்குது?"

"இருக்குது பாய்."

"பாக்கெட் மேல தப்பில்ல. லூஸ் மேலயும் தப்பில்ல."

அப்படியானால் தப்பு யார் மேல்? வேனில் மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

பாக்கெட்டை அவர் தங்கை மும்தாஜிடம் கொடுத்தார். அந்தம்மா வீடு வீடாகப் போய் அவரவர் அடுப்பிலேயே போட்டுக் காட்டினார். எனக்குப் பழையபடி மூட்டை. ஆனால் சாயங்காலம் இரண்டு பேரும் கலக்கிற ரூமில் உட்கார வேண்டும். வீட்டில் கேட்டதை அந்தம்மா சொல்வார், கடையில் கேட்டதை நான் சொல்வேன். வாசனை நன்றாக இருக்கிறது என்று வீட்டு ஜனம் சொல்ல, பாய் அந்த இலையில் ஒரு கைப்பிடியை டஸ்டில் சேர்த்துப் பார்த்தார்.

அடுத்த அமாவாசைக்கு அந்த மூட்டையோடு போனேன். ஏழுமலை ஒரு டீ போட்டு வாயில் வைத்தார்.

"வாசன வருதே. இன்னா போட்ட?"

"அந்தப் பாக்கெட்டுத் தூள்தாண்ணே. ஒரு கைப்பிடி."

"இத அன்னிக்கே மூட்டைல கொண்டாந்திருந்தா இன்னா?" என்று மூட்டையை உள்ளே இழுத்தார். மற்ற கடைகளில் பாதி திரும்பியது. பாதி திரும்பவே இல்லை.

கிளம்பும்போது, "நீயும் ஒண்ணு ஆத்திப் பாரேன்" என்றார். மேல் கையை ஜோராக உயர்த்தினேன். டீ என் காலில் விழுந்தது.

"மேல் கைதான் ஏறணும். கண்ணு கீழ் டம்ளர்ல இருக்கணும்."

புது ஐட்டம் ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் மூட்டையை ஏற்றுங்கள். மிச்ச இடத்தில் கலர் படம் ஏற்றலாம். கால் வெந்த பிறகு எனக்குப் புரிந்தது இது.